பொரி தீரும்வரை ஓடும் சக்கரம்

சுனாமி வந்ததற்கு மறுவருஷம், ஆடி மாதத்தில், எங்கள் பட்டாசு ஆலையின் மேனேஜர் கனகசபாபதி மேசைமேல் ஒரு பொம்மை வந்து உட்கார்ந்தது. வடக்கே இருந்து ஆர்டர் கொடுக்க வந்த ஏஜெண்ட் ஒருவர் மிட்டாய்ப் பெட்டியோடு பெட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனது. பொம்மை என்றால் கண்ணும் மூக்கும் வைத்த பொம்மை இல்லை. கறுப்பாக, கனமாக ஒரு பீடம். அதன்மேல் வெள்ளி மாதிரி மின்னுகிற ஒரு பெரிய வளையம். வளையத்துக்குள் ஒரு சின்ன வளையம். பெரியது இடப்பக்கம் சுற்றினால் சின்னது வலப்பக்கம் சுற்றும். சாத்தூர் ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்குமே தவிர, அதன் சத்தம் கேட்காது.

நான் அதை முதலில் பார்த்தது கூட்டும்போதுதான். எனக்கு வேலை பெட்டி ரூமில். வெடிகளைப் பெட்டியில் அடுக்கி, மடித்து, ஒட்டி அனுப்புவோம். அதோடு காலையில் எல்லாருக்கும் முந்தி வந்து ஆபீஸ் ரூமைக் கூட்டித் தண்ணீர்க் குடம் வைப்பதும் என் தலையில்தான். சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தும்போது அது சுற்றிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. பூட்டிய அறைக்குள், பார்க்க ஒரு ஆள் இல்லாமல், அதுபாட்டுக்கு. எனக்கு அதைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வேலை பார்க்கிறவளுக்கு, ஓயாமல் ஓடுகிற எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

என் வீட்டுக்காரர் நாகையாவுக்கு வேறு மாதிரி தோன்றியது. அவர் அதே ஆலையில் தள்ளுவண்டிக்காரர். வெடிமருந்து ரூமிலிருந்து காயப்போடும் மேடைக்கு, மேடையிலிருந்து பெட்டி ரூமுக்கு, அங்கிருந்து சரக்கு ரூமுக்கு என்று எல்லாச் சரக்கும் அவர் வண்டியில்தான் போகும். ரப்பர் டயர் போட்ட மர வண்டி. வேகமாகத் தள்ளக் கூடாது, குலுக்கக் கூடாது, எதிலும் முட்டக் கூடாது. ஒவ்வொரு ரூம் வாசலிலும் நிறுத்தி நிறுத்திப் போகவேண்டும். ஆலை முழுக்கக் கரிசல் மண். மழை பெய்தால் வண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்ளும்.

"ஓடுற வண்டியத் தள்ளுறதுல ஒரு கஷ்டமும் இல்ல புள்ள," என்பார் ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது. "நின்ன வண்டியக் கெளப்புறதுலதான் உசுரு போகுது. நிக்கவே நிக்காத வண்டி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்."

அப்படி நினைத்துக்கொண்டே பதினைந்து இருபது வருஷம் தள்ளிய மனிதர் கண்ணில்தான் அந்தப் பொம்மை பட்டது. சம்பளம் வாங்கப் போனவர் கையை நீட்டாமல் பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று கனகசபாபதி சொல்லிச் சிரித்தார்.

சண்டை வந்தது ஒரு மத்தியானம். வேப்பமரத்தடியில் எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தோம். போர்மேன் ராஜசிங் அண்ணாச்சி எப்போதும் போல மரத்தின் வேரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். முகத்தை மழுங்கச் சிரைத்திருப்பார். ஆலையில் யாருக்கும் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதனால் அவர் வாயில் வருவது பாதிக்கு மேல் ஒரே சொல்தான். உரசல். "உரசாம எடு. உரசாம வை. செருப்பக் களட்டு, தரையில உரசும்." தூக்கத்திலும் அதைத்தான் சொல்வார் என்று அவர் வீட்டம்மாவே எங்களிடம் சொல்லியிருக்கிறது.

"அண்ணாச்சி, மேனேசர் மேசையில ஒண்ணு சுத்துதே, பாத்தீகளா," என்று ஆரம்பித்தார் நாகையா. "ஆடிமாசம் வச்சது. யாரும் தொடல. தானா ஓடுது."

"தானா எதுவும் ஓடாதுலே."

"கண்ணால பாத்ததச் சொல்றேன்."

"எது ஓடுனாலும் அதுக்கு ஒருத்தன் கஞ்சி ஊத்தணும். உனக்கு வேலுத்தாயி ஊத்துறா, நீ ஓடுற," என்று என்னைக் காட்டினார்.

பெட்டி ரூம் செல்வலட்சுமி அங்கே இருந்தாள். என்னை அக்கா என்றும் இவரை மச்சான் என்றும் கூப்பிடுகிறவள். கேலிக்கு உரிமை உள்ளவள். "கஞ்சி ஊத்துனாலும் மச்சான் ஓடல அண்ணாச்சி, நடக்கத்தான் செய்றாரு," என்றாள்.

நாகையா அவளைக் கவனிக்கவில்லை. "அப்ப இதுக்குக் கஞ்சி எங்கன இருக்கு? கரண்டு இருக்கா? இந்தக் கேட்டுக்குள்ள கரண்டே கெடையாது. பேட்டரி இருக்கா? வாட்ச்மேன் என் கைக்கடியாரத்தக்கூடக் கேட்டுல களட்டி வாங்கிடுறான். மேனேசர் செல்போனு கேட்டுலதான் கெடக்கு. சுவத்துல தொங்குற கடியாரம்கூடச் சாவி குடுக்குறதுதான். பேட்டரி உள்ள வராதுல்ல? வராதுன்னு போர்டு போட்டது நீங்கதான? அப்ப அதுக்குள்ள பேட்டரி கெடையாது. அப்ப அது தானாத்தான் ஓடுது."

எங்களுக்கு அது அவ்வளவு சரியான பேச்சு. மற்ற ஊரில் ஒருத்தன் அந்தப் பொம்மையைப் பார்த்தால் முதலில் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருப்பான். நாங்கள் வேலை பார்ப்பது தீப்பெட்டியும் பீடியும் பேட்டரியும் கேட்டோடு நின்றுவிடுகிற இடம். உள்ளே இருக்க முடியாதது உள்ளே இருக்கிறது என்று எங்கள் புத்திக்கு எட்டாது.

"உள்ளுக்குள்ள ஏதாவது..." என்று தொடங்கிய ராஜசிங் அண்ணாச்சி நிறுத்திக்கொண்டார். ஆபீஸ் ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "காந்தம் இருக்கும்," என்றார். "அதுவும் எம்புட்டு நாளைக்கு? இங்க பாரு. நான் முப்பது வருசமா உரசலக் கண்டு பயந்து சாகுறேன். உரசாத எடம் ஒண்ணு உலகத்துல இருந்தா நான் அங்கன போயி நிம்மதியாத் தூங்குவேன். இல்லடா. அச்சு இருந்தா அச்சுல உரசும். காத்து இருந்தா காத்துல உரசும். உரசுனா சூடு. சூடா போனது திரும்பி வராது. அம்புட்டும் போனப்புறம் நின்னுரும்."

"நான் செஞ்சு காட்டுறேன்," என்றார் நாகையா.

தூக்குவாளியை மூடிவைத்துவிட்டு எழுந்தார்.

"பேட்டரி இல்லாம, காந்தம் இல்லாம நிக்காத சக்கரம் செய்றேன். ஆயுதபூசை அன்னைக்குக் கொண்டாந்து மேனேசர் மேசையில வைக்கேன். சூடம் காட்டும்போது ஒரு தட்டுத் தட்டி விடுவேன். அம்புட்டுப் பேரும் பொரி வாங்கி முடிக்கிற வரைக்கும் அது ஓடணும். நின்னுச்சுன்னா என் மீசைய எடுத்துடுறேன்."

இந்த இடத்தில் அவர் மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காதுவரைக்கும் போகாது, ஆனால் போகப் பார்க்கும். எங்கள் கல்யாணத்தில் என்னைவிட அதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். மழை நாளில் வண்டி படுத்துக்கொண்டாலும், முதுகு வலித்தாலும், காலையில் அவர் அதற்கு எண்ணெய் தடவாமல் வந்ததில்லை. ஒரு நாளில் அவருடையது என்று இருக்கிற நேரம் அது ஒன்றுதான்.

"அண்ணாச்சி, நீங்க எத வைப்பீக?" என்றாள் செல்வலட்சுமி. "ஒங்களுக்குத்தான் மீசையே இல்லையே."

ராஜசிங் அண்ணாச்சி கையைக் கழுவினார். "அது நிக்காம ஓடுனா ஒரு நாள் பூரா இவன் வண்டிய நான் தள்றேன். இவன் இந்த வேர்ல ஒக்காந்து என்னய வெரட்டட்டும்."

அன்றைக்கு ஆரம்பித்தது. மேகம் கறுத்து இடி இடித்தால் எங்கள் ஆலையை உடனே மூடிவிடுவார்கள். இடிக்கும் மருந்துக்கும் ஆகாது. அந்த வருஷம் ஆவணி, புரட்டாசியில் அடிக்கடி கறுத்தது. மற்றவர்களுக்கு அது கூலி போகிற நாள், நாகையாவுக்குச் சக்கரம் செய்கிற நாள். பழைய சைக்கிளின் முன்சக்கரத்து நடுப்பகுதியை வாங்கி வந்தார். அதைச் சுற்றி ஒரு முறம் அளவுக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். ஆலையில் கழித்துப்போட்ட காகிதக் குழாய்களைக் கேட்டு வாங்கி, அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சாய்வாக ஒட்டினார். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு கோலிக்குண்டு. ஒரு பக்கம் இறங்கும்போது கோலி வெளியே ஓடிப் பாரமாக நிற்கும், மறுபக்கம் ஏறும்போது உள்ளே ஓடி ஒட்டிக்கொள்ளும். பாரமான பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதுதான் அவர் கணக்கு.

கேட்கும்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது. பசை காய்ச்சிக் கொடுத்தது நான்தான். முதல் தட்டுத் தட்டினார். கோலிகள் கடகடவென்று உருண்டன. சக்கரம் சுற்றியது, அசந்தது, கொஞ்சம் பின்னால் வந்தது, முன்னால் போனது, நின்றது.

"எண்ணெய் பத்தல," என்றார்.

எண்ணெய் விட்டோம். நின்றது. குழாயின் சாய்வை மாற்றினோம். நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். இறங்குகிற பக்கம் கோலி தள்ளித்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கம் நிற்பது கொஞ்சம் கோலி. ஏறுகிற பக்கம் ஒட்டி நிற்கிறது, ஆனால் அங்கே கூட்டம் அதிகம்.

"தூரமா நாலு பேரு, கிட்டக்க ஆறு பேரு," என்றேன். "சரிக்குச் சரியா இளுக்காகளே."

"இன்னும் ரெண்டு குளாய் ஒட்டிப் பாப்போம்."

"ஒட்டுனா ரெண்டு பக்கமும்தான கூடும்?"

அவர் மீசையைத் தடவினார். நான் அந்த மீசையைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் போய்விடும் போலிருந்தது.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு காலையில் ஆபீஸ் கதவைத் திறந்தேன். பொம்மை நின்றிருந்தது.

விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். விரலால் லேசாகத் தட்டினேன். அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. எடுத்துப் பார்க்கலாம் என்று பீடத்தைத் தூக்கினேன். அடியில் ஒரு சின்ன மூடி, கை பட்டதும் வழுக்கித் திறந்தது. உள்ளே, தலையில் இரண்டு முளை வைத்த ஒரு சதுரப் பேட்டரி.

அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை. எங்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தாலும் யோசிக்காதே, தண்ணீரில் போடு. ஆபீஸ் வாசலில் தண்ணீர் டிரம் இருந்தது. பீடம், வளையம், பேட்டரி எல்லாவற்றையும் அப்படியே அதற்குள் முக்கிவிட்டேன். குமிழி குமிழியாக வந்தது. தண்ணீருக்குள் சின்ன வளையம் மெதுவாக ஒரு தடவை திரும்பிப் படுத்தது. கையை எடுக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, இங்கன வாங்க," என்று கூப்பிட்டேன்.

ராஜசிங் அண்ணாச்சி ஓடி வந்தார். டிரம்முக்குள் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்துப்போச்சா?" என்றேன்.

"அது என்னைக்கோ செத்துருக்கு. அதான் நின்னுருக்கு." முகத்தைத் துடைத்தார். "காந்தம்னு நெனச்சேன் வேலுத்தாயி. நெனச்சேன்னுகூட இல்ல, காந்தமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். மேனேசர் மேசையில இருக்குறத நான் எப்படிக் கவுத்துப் பாக்க? அம்புட்டு பேரு மடியையும் தடவி அனுப்புறேன். இதுபாட்டுக்கு மிட்டாய்ப் பெட்டிக்குள்ள வந்து மேசையில ஒக்காந்துருக்கு, ரெண்டு மாசம். இது வெளிய தெரிஞ்சா என் போர்மேன் சர்ட்டிபிகேட் போயிரும்."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டிரம்மிலிருந்து கையை எடுத்தேன். முழங்கை வரைக்கும் சிலீரென்று இருந்தது.

"எனக்கு எம்புட்டுப் பெட்டி கெடக்கு மடிக்க," என்றேன். "இதப் பேச எங்க அண்ணாச்சி நேரம்?"

ஈரச் சாக்கில் சுற்றி அவரே அதைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனார். கனகசபாபதி வந்ததும் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அதற்குப் பிறகு யார் எந்தப் பெட்டியோடு வந்தாலும் கேட்டிலேயே பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பொம்மை எங்கே என்று கேட்டவர்களுக்கு, வேலுத்தாய் கூட்டும்போது தட்டிவிட்டு உடைந்துபோனது என்று சொல்லப்பட்டது. நானும் ஆமாம் என்றேன்.

"மச்சான் சக்கரம் செய்றாரு, அக்கா சக்கரத்த ஒடைக்கிறா," என்றாள் செல்வலட்சுமி. "நல்ல குடும்பம்."

வீட்டுக்காரரிடம் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று சாயங்காலம் கம்பெனி வண்டியை விட்டு இறங்கி நடக்கும்போது சொல்லிவிட்டேன். பேட்டரி என்றதும் நின்றுவிட்டார். லாரி ஒன்று எங்களைக் கடந்து போயிற்று.

"அப்ப அதுவும் பொய்யா?"

"பொய்தான். நீங்க இப்பவே அண்ணாச்சிகிட்ட வேண்டாம்னு சொல்லிருங்க. அவரும் விட்டுருவாரு. விடாம என்ன செய்வாரு? அவரு குடுமி நம்ம கையில."

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "அதெல்லாம் தப்பு புள்ள. பேட்டரியச் சொல்லி நான் ஜெயிக்கணுமா? அத நீயும் மறந்துரு." இன்னும் கொஞ்சதூரம் போனதும் அவர் நடை மாறியது. "ஒண்ணு கவனிச்சியா. அது பொய்யின்னா இன்னும் யாரும் செய்யலன்னுதான அர்த்தம்? அப்ப நான் செஞ்சா நான்தான் மொத ஆளு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

ஆனால் அவர் முட்டாள் இல்லை. பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்கே தெரிந்துவிட்டது, நிற்காத சக்கரம் என்று ஒன்று அவர் கையில் வரப்போவதில்லை என்று. பிறகு அவர் பாடுபட்டதெல்லாம் பொரி தீரும்வரைக்காவது அது ஓடவேண்டும் என்பதற்குத்தான். நடு அச்சின் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினார். துடைத்தார், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். ஒரு நாள் கோலிகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தட்டிவிட்டார். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் வெங்காயம் உரித்து முடிக்கிற வரைக்கும் ஓடியது.

"இப்படியே கொண்டுபோங்க," என்றேன். "பொரி தீந்துரும்."

"கோலி இல்லாம ஓடுனா அது வெறும் சக்கரம். வெறும் சக்கரம் ஓடும்னு எல்லாருக்கும்தான் தெரியும். அதுக்கு எதுக்குப் பந்தயம்?" என்று ஒவ்வொரு கோலியாகத் திரும்பப் போட்டார். கோலி போட்டால் அது ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம்தான் ஓடியது.

அவர் சக்கரத்தை மாற்றமாட்டார் என்றால் நான் பொரியைத்தான் மாற்றவேண்டும். ஒவ்வொரு வருஷமும் பொரி மூட்டையை அவிழ்த்து வைத்து, கடலையும் வெல்லமும் கலந்து, வரிசையில் வருகிறவர்களின் முந்தானையிலும் துண்டிலும் படியால் அளந்து போடுவோம். பாதிப் பேர் இன்னும் கொஞ்சம் போடு என்று நின்று பேசுவார்கள். நான் செல்வலட்சுமியிடம் போனேன்.

"இந்த வருசம் பொட்டலமா மடிச்சு வச்சிட்டா என்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மச்சான் மீசை இல்லாம வந்து நின்னா எனக்குச் சோறு எறங்குமாக்கா," என்றாள். பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டி ரூம் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து, அச்சுப் பிசகிக் கழிந்த தாள்களில் பொரிப் பொட்டலம் மடித்தார்கள். அவரைக் கேலி பண்ணிக்கொண்டேதான் மடித்தார்கள்.

ஆயுதபூசை அன்று ஆலையைப் பார்க்க அழகாக இருக்கும். மரச்சுத்தி, பித்தளைச் சல்லடை, அளவுக் கிண்ணம், கத்தரி, எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்து வாழையிலையில் படுக்கப்போட்டிருந்தார்கள். நாகையாவின் வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, டயருக்கும் பொட்டு வைத்திருந்தது. மேனேஜர் மேசையைத் தூக்கி வாசலில் போட்டு, அதன்மேல் சக்கரத்தை வைத்தார் அவர். காகிதக் குழாய்களுக்கு ஜிகினாத்தாள் சுற்றியிருந்தார். வெயிலில் பளபளவென்று இருந்தது. அந்த வளையப் பொம்மையைவிட நன்றாகவே இருந்தது என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் என்பதால் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள்.

பூசாரி கேட்டுக்கு வெளியே சூடத்தை ஏற்றிக் கைகாட்டினார். மணி அடித்தது. நாகையா சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிக் கையை எடுத்துக்கொண்டார். கோலிகள் கடகடவென்று உருண்டன.

நான் பொட்டலத்தை எடுத்தேன். "வா, வாங்கு, போ. வா, வாங்கு, போ."

"என்ன வேலுத்தாயி, ரேசன் கடை மாதிரி வெரட்டுற," என்றார் வாட்ச்மேன். செல்வலட்சுமி அவர் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

வரிசை ஓடியது. பொரி வாங்கியவர்கள் போகவில்லை. மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கடகடவென்று ஒரே சத்தமாக இருந்தது, கொஞ்சநேரத்தில் கட, கட என்று ஆனது. நான் தலையைத் தூக்கவில்லை. காதால் கேட்டுக்கொண்டே கொடுத்தேன். வரிசையின் வால் இன்னும் வேப்பமரத்தில் இருந்தது. பிறகு ஒவ்வொரு கோலி விழுகிற சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. நான் நிமிர்ந்தேன். நாகையா சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டி நின்றார். சம்பளம் வாங்கும்போது நிற்கிற மாதிரி நின்றார்.

ராஜசிங் அண்ணாச்சி அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டார். அவருக்கென்று படைக்காத பொரியில் ஒரு பொட்டலம் தனியாக எடுத்துவைப்போம். அதை வாங்க வருகிறார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் மேசைக்குப் போய், சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி," என்றார் நாகையா.

"ஏலே, இன்னைக்கு என்ன நாளு?"

"ஆயுதபூசை."

"ஆயுதபூசை அன்னைக்கு எந்தச் சாமானும் ஓடக் கூடாதுன்னு முப்பது வருசமா எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நீங்கதான? ஒரு வருசம் நான் தெரியாம வண்டிய நகட்டுனதுக்கு என்னய என்ன பாடு படுத்துனீக? அம்புட்டுக்கும் பொட்டு வச்சுப் படுக்கப்போட்டுட்டு, இத மட்டும் ஓட விட்டு வேடிக்க பாக்கீக."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கனகசபாபதி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அட, ஆமா," என்றார். பந்தயத்தின் மும்முரத்தில் ஒரு ஆளுக்குக்கூட அது தோன்றவில்லை. சந்தனம் அரைத்த எனக்கும் தோன்றவில்லை. பூசாரி உட்பட எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"அப்ப மீசை?" என்றாள் செல்வலட்சுமி.

"சாமான் எல்லாத்துக்கும் இன்னைக்கு லீவு," என்றார் அண்ணாச்சி. "மீசையும் சும்மா கெடக்கட்டும்." என் கையிலிருந்து தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய் வேரில் உட்கார்ந்தார்.

அவர் கைவைத்தபோது சக்கரம் ஏறக்குறைய நின்றேவிட்டிருந்தது. அது எனக்குத் தெரியும். மேசைக்குப் பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. நாகையா குங்குமத்தைத் தொட்டுச் சக்கரத்துக்கு ஒரு பொட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பொரியை மென்றுகொண்டே சொன்னார்: "நின்னுருக்கும் புள்ள. இன்னும் நாலு சுத்து."

"ரெண்டு," என்றேன்.

"அவருக்குத் தெரியும்ல?"

"தெரியாமயா கைய வச்சாரு?"

அவர் இன்னொரு பிடி பொரியை அள்ளினார். "நல்ல மனுசன்," என்றார். பிறகு, "கோலிய எடுத்துருந்தா பொரி தீந்துருக்கும்," என்றார். வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இல்லை.

மறுநாள் காலையில் மறுபூசை போட்டு, சாமான்களைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்தோம். தீபாவளி நெருங்கிவிட்டது, லோடு நிற்கிறது. நாகையா வாழைக்கன்றை அவிழ்த்துவிட்டு வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கும்போது ராஜசிங் அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"நகருலே."

"அண்ணாச்சி, பந்தயந்தான் முடிஞ்சு போச்சே. சொல்லப்போனா தோத்தது நானு."

"நீ தோத்தியோ ஜெயிச்சியோ. ஓடிக்கிட்டிருந்தத நேத்து நிப்பாட்டுனது நான். நிப்பாட்டுனவன்தான கெளப்பி விடணும்?"

"அது சக்கரம். இது வண்டி."

"எல்லாத்துக்கும் ஒரே உரசல்தாம்லே. போயி ஒக்காரு."

நாகையா விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிறகு குனிந்து தள்ளினார். வண்டி அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினார், கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. "ஏ, இம்புட்டுக் கனமா," என்றார். ஆபீஸ் ரூம் வழியாகப் போகும்போது நின்றார். கனகசபாபதி நாகையாவின் சக்கரத்தைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகக் கையை நீட்டி அண்ணாச்சி அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இப்போது உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். காலையில் கூட்ட வரும்போது நானும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுக்கிறேன்.

பத்து மணி வாக்கில் செல்வலட்சுமி என் தோளில் இடித்தாள். "அக்கா, அங்கன பாரு."

பெட்டி ரூம் வாசல் வழியாக வேப்பமரம் தெரியும். நாகையா வேரில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சியை விரட்டுவதற்கு உட்கார்ந்தவர் மரத்தில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போயிருந்தார். வேலை நாளில், வெயில் ஏறின பிறகு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. காலை நீட்டியிருந்தார். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. உடம்பில் ஒரு அசைவு இல்லை.

"எழுப்பட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்," என்றேன். கையிலிருந்த பெட்டியை மடிக்காமல் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தேன். காலையில் எண்ணெய் தடவிய மீசை மட்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.